மனக்கணக்கா, ஒரு பக்கமா, முழுத் திட்டமா? சிறு தொழில் செய்பவர் எதை எழுத வேண்டும்

சிறு தொழில் நடத்துகிறவர்களிடம் "பிசினஸ் பிளான் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "எல்லாம் மனசிலேயே இருக்கிறது" என்பார்கள். இல்லாவிட்டால், "கடன் கேட்கும்போது ஒன்று எழுதிக் கொடுத்தோம், எங்கேயாவது ஃபைலில் கிடக்கும்" என்பார்கள். முதலாமவர் எழுதவே இல்லை. இரண்டாமவர் எழுதியதை அப்புறம் திறந்து பார்க்கவே இல்லை. திட்டம் தரக்கூடிய பலன் இருவருக்குமே கிடைக்கவில்லை.

எழுதுவதா வேண்டாமா என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: எழுதினால் எதை எழுதுவது? நாற்பது பக்க அறிக்கையும் திட்டம்தான். ஒரே தாளில் போட்ட படமும் திட்டம்தான். பன்னிரண்டு மாத வரவு செலவு அட்டவணையும் திட்டம்தான். மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. "பிளானெல்லாம் நமக்கு எதற்கு" என்று சொல்லும் பலர் அந்த நாற்பது பக்கத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம். முதலில், எதையும் எழுதாமல் இருப்பது.

மனக்கணக்கு

மனக்கணக்கைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. அதற்குச் செலவில்லை, நினைத்தவுடன் மாற்றலாம், கடையில் நின்றுகொண்டே போடலாம். நன்றாகத் தொழில் செய்த பலர் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் வேகமாக வளரும் 500 தனியார் நிறுவனங்களின் 1989ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்து 100 நிறுவனங்களை அமர் பிடே என்ற ஆய்வாளர் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தொடங்கியவர்களைப் பேட்டி கண்டார். அவர்களில் 41 சதவீதம் பேர் திட்டம் என்று எதையுமே எழுதியிருக்கவில்லை. 26 சதவீதம் பேரிடம் இருந்தது துண்டுத்தாளில் போட்ட கணக்கு மட்டும். முழுத் திட்டம் எழுதியவர்கள் 28 சதவீதம்தான்.

திட்டம் வேண்டாம் என்று வாதாடுகிறவர்களுக்கு இது பிடித்தமான புள்ளிவிவரம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டி கொடுத்தவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். இதேபோல மனக்கணக்கோடு தொடங்கி இரண்டாம் வருடம் கதவைச் சாத்தியவர்கள் அந்தப் பட்டியலில் வர வழியில்லை. திட்டம் எழுதாமலும் ஜெயிக்க முடியும் என்பதற்கு இது சான்று. எழுதாமல் இருப்பது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது.

மனக்கணக்கின் பெரிய குறை மறதி என்று நினைப்போம். அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு: நடந்த பிறகு மனம் தன் பழைய கணக்கைத் தானே திருத்திக்கொள்கிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன்பு, அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சிலரிடம் கேட்டு வாங்கி வைத்தார்கள் பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற இரு ஆய்வாளர்கள். பயணம் முடிந்த பிறகு, "அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?" என்று அதே ஆட்களிடம் திரும்பக் கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகத்தான் பெரும்பாலோருக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

இதைத் தொழிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மாதம் 40 புது வாடிக்கையாளர் வருவார்கள் என்று மனசுக்குள் நினைத்துத் தொடங்குகிறார் ஒருவர். வந்தது 22. ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "நான் 25தான் எதிர்பார்த்தேன், கிட்டத்தட்ட சரியாகத்தான் போகிறது" என்பார். மனதார நம்பியே சொல்வார். 40 என்று எழுதி வைத்திருந்தால் அந்த 18 பேர் எங்கே போனார்கள் என்ற கேள்வி எழுந்திருக்கும். விலையா, இடமா, விளம்பரமா, பொருளே யாருக்கும் வேண்டாமா? எழுதாததால் கேள்வியே எழவில்லை. எழுதி வைப்பதன் முதல் பலன் என்று நான் சொல்வது இதைத்தான். எழுதிய எண் தப்பாகலாம், ஆனால் எவ்வளவு தப்பு என்பது தெரியும். மனசில் இருக்கும் எண்ணோ ஒருபோதும் தப்பாவதே இல்லை.

ஒரே பக்கம்

அடுத்தது ஒற்றைத் தாள். இதில் பிரபலமானது அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் உருவாக்கிய பிசினஸ் மாடல் கேன்வாஸ். ஒரு தாளில் ஒன்பது கட்டங்கள்: வாடிக்கையாளர் யார், அவருக்கு நாம் தருவது என்ன, எந்த வழியில் அவரை அடைகிறோம், உறவை எப்படிக் காப்பாற்றுகிறோம், வருமானம் எதிலிருந்து, நம்மிடம் வேண்டிய வளங்கள், செய்ய வேண்டிய வேலைகள், கூட்டாளிகள், செலவுகள்.

இதன் அருமை நிரப்பும்போது தெரியும். பொருளைப் பற்றிய கட்டத்தை யாரும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். "எந்த வழியில் அவரை அடைகிறோம்" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடும். "ஒருவர் சொல்லி ஒருவர் வருவார்கள்" என்று எழுதிவிட்டுத் தாண்டப் பார்ப்பார்கள். முதல் ஆளிடம் யார் சொல்வது? அதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலிதான். எது காலியாக இருக்கிறதோ அதில்தான் இந்த வாரத்து வேலை இருக்கிறது.

ஒரு மாலை நேரம் போதும், இதைப் போட்டுவிடலாம். பிடிக்காவிட்டால் கிழித்துவிட்டு வேறு போடலாம். என்ன தொழில் செய்வது, யாருக்கு விற்பது என்பதே இன்னும் தெளியாதவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை என்பது என் கருத்து. நாற்பது பக்கம் எழுதியவருக்கு அதைத் தூக்கிப் போட மனசு வராது. ஒரு தாளைத் தூக்கிப் போடுவதில் வலி இல்லை.

ஆனால் இந்தத் தாளில் காலமும் இல்லை, தொகையும் இல்லை. வருமானம் எதிலிருந்து வரும் என்று சொல்லும், எப்போது கைக்கு வரும் என்று சொல்லாது. சிறு தொழில்கள் விழுவது பல சமயம் அந்த "எப்போது" என்ற இடத்தில்தான்.

பன்னிரண்டு மாதப் பண அட்டவணை

எதையாவது ஒன்றை மட்டும்தான் எழுத நேரம் இருக்கிறது என்றால் இதை எழுதுங்கள் என்பேன். மேலே பன்னிரண்டு மாதங்கள். பக்கவாட்டில் கைக்கு வரும் பணம், கையை விட்டுப் போகும் பணம். கடைசி வரியில் மாத முடிவில் மிச்சம் எவ்வளவு. இவ்வளவுதான். லாப நஷ்டக் கணக்கு வேறு, இது வேறு. பில் போட்டது லாபக் கணக்கில் அன்றைக்கே ஏறிவிடும். இந்த அட்டவணையில் பணம் வந்த நாளில்தான் ஏறும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மரச்சாமான் செய்யும் ஒரு பட்டறை. மாதம் ஒரு ஆர்டர், ஒவ்வொன்றும் 1,00,000. மரமும் மற்ற சரக்கும் 50,000, உடனே கொடுத்தாக வேண்டும். கூலி 20,000. வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 15,000. ஆக மாதம் 85,000 செலவு, 15,000 லாபம். முதல் மாதத்திலிருந்தே லாபம் தரும் தொழில். மனக்கணக்கு இத்தோடு திருப்தியாக எழுந்துவிடும்.

வாடிக்கையாளர் சரக்கு எடுத்து 60 நாளில் பணம் தருகிறார் என்ற ஒரு வரியை இப்போது சேருங்கள். முதல் மாதக் கடைசியில் அனுப்பிய சரக்குக்கு மூன்றாம் மாதக் கடைசியில்தான் பணம் வரும். அதற்குள் மூன்று மாதச் செலவு கையை விட்டுப் போயிருக்கும்: 2,55,000. லாபமாக ஓடும் தொழிலுக்கு, முதல் காசு வருவதற்கு முன்பே இவ்வளவு பணம் வேண்டும். அதன் பிறகும் இந்தக் குழி மாதத்துக்கு 15,000 என்ற கணக்கில்தான் மெல்ல மெல்லத் தூரும்.

இன்னும் கொஞ்சம் போகலாம். வேலை நன்றாக இருக்கிறது என்று நான்காம் மாதத்திலிருந்து மாதம் இரண்டு ஆர்டர்கள் கிடைக்கின்றன. சந்தோஷமான செய்திதான். மாத லாபம் 15,000லிருந்து 45,000 ஆகிறது. ஆனால் சரக்குக்கும் கூலிக்கும் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும், மாதச் செலவு 1,55,000. பழைய ஒற்றை ஆர்டர்களின் பணம்தான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அட்டவணையைப் போட்டுக்கொண்டே போனால் ஆறாம் மாதத்தில், இரட்டை ஆர்டரின் முதல் பணம் வருவதற்குச் சற்று முன்பு, குழியின் ஆழம் 4,20,000. வியாபாரம் வளர்ந்ததால் வந்த பற்றாக்குறை இது! இதை முன்கூட்டித் தெரியாதவர் ஐந்தாம் மாதம் அவசர வட்டிக்குக் கடன் வாங்குவார். "நல்லாத்தானே ஓடுது, காசு மட்டும் எங்கே போகுதுன்னு தெரியல" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிறைய பேருக்குக் காசு போன இடம் இதுதான்.

அட்டவணை கையில் இருப்பவருக்கு மூன்றாம் மாதமே வழிகள் திறக்கின்றன. ஆர்டரோடு பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கலாம். மரம் விற்பவரிடம் 30 நாள் தவணை கேட்கலாம். இரண்டாம் ஆர்டரை இரண்டு மாதம் தள்ளி ஒத்துக்கொள்ளலாம். கடனே வாங்கினாலும், எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று தெரிந்து, அவசரம் இல்லாத நேரத்தில் நல்ல வட்டிக்குப் பேசி வாங்கலாம். இது எல்லாமே முன்கூட்டித் தெரிந்தால் மட்டும் கிடைக்கும் வழிகள். கழுத்தைப் பிடிக்கும்போது ஒன்றும் கிடைக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை. நாம் போடும் காலக் கணக்கு கிட்டத்தட்ட எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். 1994இல் வெளிவந்த ஒரு ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனதோ 55.5 நாள். படித்தவர்கள், தங்கள் சொந்த வேலையைப் பற்றித்தான் சொன்னார்கள். அதனால் அட்டவணையை இரண்டு முறை போடுங்கள். ஒன்று நீங்கள் நம்புகிற மாதிரி. இன்னொன்றில் விற்பனையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, வரவேண்டிய பணம் ஒவ்வொன்றையும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். இரண்டாவதிலும் தாக்குப்பிடிக்கிறது என்றால் இறங்கலாம்.

முழுத் திட்டம்

தொழிலின் சுருக்கம், சந்தை நிலவரம், போட்டியாளர்கள், விற்கும் முறை, ஆட்கள், உரிமங்கள், மூன்று முதல் ஐந்து வருட நிதிக் கணக்கு என்று எல்லாம் அடங்கிய பெரிய அறிக்கை இது. எழுத வாரக்கணக்கில் ஆகும். மற்றவர் பணத்தைக் கேட்கும்போது இதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. கடன் கொடுப்பவருக்கு உங்கள் கனவைவிட, தவணை எந்தப் பணத்திலிருந்து வரும், உங்கள் கைமுதல் எவ்வளவு, விற்பனை குறைந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் முக்கியம். முழுத் திட்டத்தின் நடுவில் இருப்பதும் மேலே சொன்ன அதே பண அட்டவணைதான். அதை உண்மையாகப் போட்டவருக்கு மற்ற பக்கங்கள் சுலபமாக வரும். அதைப் போடாமல் மற்ற பக்கங்களை அலங்கரித்தவரை முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

இதில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் எனக்குக் கவலையாகிவிடும்: "மொத்தச் சந்தையில் ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும்." அந்த ஒரு சதவீதத்தில் முதல் பத்துப் பேர் யார், அவர்கள் இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், ஏன் மாறுவார்கள் என்று எழுத முடியாதவரை அது வெறும் ஆசை. மேலிருந்து வகுத்துக் கொண்டுவரும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும், அதில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கீழிருந்து கூட்டிப் பாருங்கள். பல திட்டங்களில் இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

காசு கொடுத்து யாரையாவது வைத்து எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வடிவத்துக்கும் கணக்குச் சரிபார்ப்புக்கும் உதவி வாங்கலாம். யோசனையையே வெளியே கொடுத்தால் அறிக்கை கிடைக்கும், தொழிலைப் பற்றிய தெளிவு கிடைக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

ஒரே நாட்டில் நடந்த இரண்டு ஆய்வுகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. டெல்மார், ஷேன் இருவரும் 2003இல் வெளியிட்டது ஸ்வீடனில் புதிதாகத் தொடங்கிய 223 தொழில்களைப் பற்றியது. முதல் 30 மாதங்களைப் பார்த்ததில், திட்டமிட்டவர்கள் தொழிலைக் கைவிடுவது குறைவாக இருந்தது. ஹோனிக், கார்ல்சன் 2004இல் வெளியிட்டதும் ஸ்வீடன் தொழில்களைப் பற்றியதுதான். அவர்கள் கண்டது வேறு. பலர் திட்டம் எழுதியதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த நெருக்குதலும், மற்றவர்களைப் பார்த்துச் செய்வதும்தான். எழுதியதால் லாபம் கூடியதாகத் தெரியவில்லை.

எனக்கு இவை இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகத் தோன்றவில்லை. தனக்காக யோசித்தவர் தாக்குப்பிடிக்கிறார். யாரோ கேட்டதற்காக எழுதியவர் எழுதாதவரைப் போலவே இருக்கிறார். இது என் வாசிப்பு, ஆய்வாளர்கள் இப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2010இல் பிரிங்க்மன், கிரிஷ்னிக், காப்சா மூவரும் அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். திட்டமிடுவது மொத்தத்தில் பலன் தருகிறது என்பது முதல் முடிவு. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டாவது: புதிதாகத் தொடங்குகிறவர்களைவிட, ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்களுக்குப் பலன் அதிகம். யோசித்தால் புரிகிறது. புதியவர் போடும் எண் எல்லாமே ஊகம். ஐந்து வருடம் நடத்தியவரிடம் உண்மையான எண்கள் இருக்கின்றன. எந்த மாதம் விற்பனை படுக்கும், யார் பாக்கியை இழுத்தடிப்பார், எந்தச் சரக்கு தூங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நடைமுறையில் தொடங்குகிறவர் மட்டும்தான் திட்டம் எழுதுகிறார். பத்து வருடமாக நடத்துகிறவர் "எனக்குத் தெரியாததா" என்று விட்டுவிடுகிறார். அதிகப் பலன் கிடைக்க வேண்டியவர் அவர்தான் என்று நினைக்கும்போது மனசு கொஞ்சம் வலிக்கிறது.

சரி, உங்களுக்கு எது?

தனி ஆளாக, இருக்கும் கருவிகளை வைத்து, பெரிய முதல் போடாமல் செய்து பார்க்கிறீர்கள், பிடிக்காவிட்டால் ஒரு மாதத்தில் நிறுத்திவிடலாம் என்றால் ஒரு பக்கம் போதும். திட்டத்தை மெருகேற்றும் நேரத்தில் நான்கு பேரிடம் விற்றுப் பாருங்கள், அந்த அனுபவம் எந்த அறிக்கையிலும் கிடைக்காது.

திருப்பி எடுக்க முடியாத எதிலாவது கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால், அதாவது நீண்ட கால வாடகை ஒப்பந்தம், இயந்திரம், முதல் சம்பள ஆள், பார்க்கும் வேலையை விடுவது, அப்போது பண அட்டவணை இல்லாமல் இறங்காதீர்கள். கையெழுத்துக்கு முன்னால் இரண்டு இரவு உட்கார்ந்தால் போதும்.

கூட்டாளியோடு தொடங்குகிறவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதாதீர்கள். ஆளுக்கு ஒரு தாள் எடுத்துத் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் மாற்றிப் படியுங்கள். மூன்று வருடத்தில் எவ்வளவு பெரிதாக வேண்டும், லாபத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்வது, எவ்வளவு திரும்பத் தொழிலில் போடுவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாராவது விலக நினைத்தால் என்ன கணக்கு? ஒருவர் வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் பணம் எடுப்பதாக நினைத்திருப்பார். மற்றவர் இரண்டு வருடம் தொடவே கூடாது என்று நினைத்திருப்பார். இதை நேரில் பேசும்போது மரியாதைக்காகவும் நட்புக்காகவும் விழுங்கிவிடுவோம். தாள் விழுங்காது. தொடங்கும் முன் வரும் இந்தச் சின்னச் சங்கடம், பின்னால் நட்பையும் தொழிலையும் சேர்த்து இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

கடனோ முதலீடோ கேட்கப் போகிறவர்கள் முழுத் திட்டமே எழுதுங்கள், ஆனால் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.

ஏற்கெனவே நடத்துகிறவர், இரண்டாவது கிளை, புதிய பொருள், பெரிய வாடிக்கையாளர் என்று எதையாவது யோசிக்கிறீர்கள் என்றால், போன பன்னிரண்டு மாதத்தின் உண்மையான வரவு செலவை முதலில் அந்த அட்டவணையில் போடுங்கள். வரப்போகும் வருடத்தை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையில் ஏதாவது ஒரு வரி திடீரென்று எகிறினால் காரணத்தை அதன் எதிரிலேயே ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த எண்ணைக் குறையுங்கள்.

எதை எழுதினாலும் அதற்கு ஒரு தேதி வேண்டும். மாதத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், நினைத்தது ஒரு வரிசை, நடந்தது ஒரு வரிசை. பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக எழுதாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் புதியதை எழுதுங்கள். ஒரு வருடம் ஆனதும் அந்தத் தாளில் உங்கள் ஊகங்கள் வழக்கமாக எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெரிந்துவிடும். சிலர் விற்பனையைக் கூட்டிப் போடுவார்கள், சிலர் செலவில் எதையாவது விட்டுவிடுவார்கள், பலர் பணம் வரும் நாளைத்தான் தவறவிடுவார்கள். அடுத்த வருடத்து அட்டவணையைப் போடும்போது எந்த வரியில் கையை இறுக்க வேண்டும் என்று அந்தப் பழைய தாளே காட்டிக்கொடுக்கும்.